வெள்ளிக்கிழமை காலியான ஃபோல்டர்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு என் கம்ப்யூட்டரில் பொது ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. மற்ற மேசைகளிலும் அப்படித்தான். ராயபுரத்தில் துறைமுகச் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. எல்லாருடைய ஃபைல்களையும் முதலாளி அறைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, எங்கள் கம்ப்யூட்டர்களை ஆன் செய்ததும் தானாகத் தெரியும்படி அந்த வாரம்தான் என் மகள் அமைத்திருந்தாள். அவளுடைய முதல் வேலை. சிபாரிசு என்னுடையது.

"இன்னாக்கா, வூட்ட காலி பண்ற மாரி உன் பொண்ணு மொத்தத்தையும் தொடச்சிட்டா போல கீது!" என்றார் பக்கத்து மேசைக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருட ஆவணங்களும் போயிருந்தால் இனி அவளை யார் வேலைக்கு அழைப்பார்கள்? போனில் "உடனே வா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவள் நேராக முதலாளி அறைக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். அவர் வழக்கம்போல் வியாழன் மாலையே அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துத் துடைத்து, பொட்டும் பூவும் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை வந்து கற்பூரம் காட்டிய பிறகுதான் ஆன் செய்வார். இதுவரை அதை அவர் மட்டுமே பயன்படுத்தியதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அன்று அவர் இன்னும் வரவில்லை.

மகள் அதை ஆன் செய்தாள். பிறகு என் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன.

"எதுவும் போகலமா. இது பூ வெச்சிகினு சும்மா குந்தினு இருந்துச்சி, அவ்ளோதான். சாரை இனிமே வியாழக்கிழமையே கற்பூரம் காட்டிட சொல்லு."