கார்ப்பு பரஞ்சோதி கழற்றியதும் பூட்டியதும்

சுங்கை லாலாங்கில் பரஞ்சோதி என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கார்ப்பு பரஞ்சோதி என்று கேட்டுப் பாருங்கள். செம்பனைக் காட்டோரத் தகரக் கொட்டகைக்குக் கைகாட்டிவிட்டு, கேட்காமலேயே ஒரு கதையும் சொல்வார்கள். "கம்ப்யூட்டரையே கழட்டி வச்சிட்டு கெரெத்தாவ ஓட்டிக் காட்டுனவருலா அவரு."

கெரெத்தா என்றால் அங்கே கார். கதை உண்மைதான். தொண்ணூற்றேழாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, லோகேஸ்வரி டீச்சர் வீட்டுக் கார் படுத்துவிட்டது. செம்பனைத் தோட்டத்து மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன வெளிநாட்டுக் கார் அது. வெண்ணெய் நிறம். அந்த வட்டாரத்தில் இஞ்செக்‌ஷன் வைத்த முதல் வண்டி. இஞ்செக்‌ஷன் என்றால் மிரள வேண்டியதில்லை. இஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து, அதற்குத் தகுந்த பெட்ரோலைப் பீய்ச்சும்படி ஒரு கம்ப்யூட்டர் கட்டளை போடும், அவ்வளவுதான். கார்ப்புரேட்டருக்கு அந்தப் படிப்பெல்லாம் கிடையாது. காற்று இழுக்கிற இழுப்பில் பெட்ரோலும் கூடவே போகும். ஒன்று நிறுத்து உப்புப் போடுகிற சமையல், மற்றது கை போன போக்கில் போடுகிற சமையல். பரஞ்சோதி இரண்டாவது கட்சி.

அன்றைக்கு அவர் பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் உள்ளே பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்கிற வயசும் இல்லை, முப்பத்தைந்துதான். "கம்ப்யூட்டர் போயிருச்சு டீச்சர். கெட்ட எண்ணெய ஊத்திட்டீங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

டீச்சர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். பழனியாண்டி தோட்டத்தில் கண்டக்டர். ஐம்பது அறுபது பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர், அன்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முந்தின நாள் கொட்டகைப் பூஜைக்கு வண்டியைக் கொண்டுவரும் அவசரத்தில், வீட்டுப் பின்கட்டில் பல மாதமாகக் கிடந்த தோங் என்கிற பிளாஸ்டிக் பீப்பாயிலிருந்து பெட்ரோல் ஊற்றியது அவர்தான். கெட்ட பெட்ரோல் கம்ப்யூட்டரை எப்படிக் கெடுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பரஞ்சோதியும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் கப்பலில் வரவேண்டும் என்றார்கள். பரஞ்சோதி எல்லாவற்றையும் கழற்றி ஒரு கோணிச் சாக்கில் போட்டுக் கட்டினார். வேறொரு வண்டியின் கார்ப்புரேட்டரை அறுத்து, ஒட்டி, பூட்டி, நான்காம் நாள் காரை ஓட்டிக் காட்டினார். ஊரே மூக்கில் விரலை வைத்தது. பீடோங்கிலிருந்தும் கரங்கானிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். பேருக்கு முன்னால் கார்ப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கொட்டகை முகப்பில் 'கார்ப்புரேட்டர் நிபுணர்' என்று பலகை ஏறியது. அந்தப் பலகையைத் தினமும் துடைப்பதும் அவர்தான்.

பழனியாண்டிக்கு மட்டும் அந்தக் கதை முடியவில்லை. பெட்ரோல் கியோஸ்கில் வண்டி நின்றால், "பாத்து ஊத்துங்க, ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டரச் சாப்பிட்ட கை" என்பார் டீச்சர். வீட்டில் ஃபேன் நின்றால் தோங், ரேடியோ கரகரத்தால் தோங். மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். கருமாதி அன்று டீச்சர் மனசாரத்தான் அழுதார். "எவ்வளவு நல்ல மனுஷன். அந்தத் தோங்க மட்டும் தொடாம இருந்திருக்கலாம்" என்று அழுதார்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். டீச்சரின் மகள் சாந்தினி லங்காவியில் ஹோட்டல் வேலை பார்க்கிறாள். வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது ஃபெரியில் கோலா கெடா வந்து இறங்கினாள். படகில் வராத வாந்தி அம்மாவின் காரில் வந்தது. கார்ப்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் நாற்றம் அப்படி. வீடு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. "வளைகாப்புக்கு நான் வரணும்னா இந்த நாத்தம் போகணும்மா. இல்லன்னா வண்டிய வித்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டீச்சர் நேரே கொட்டகைக்கு வந்தார். "தம்பி, பழையபடி இஞ்செக்‌ஷன் பூட்டிக் குடுங்க. இந்த வண்டிய நான் விக்க மாட்டேன். அவரு தொடச்சுத் தொடச்சு வச்ச வண்டி."

கார்ப்பு பரஞ்சோதியிடம் போய் கார்ப்பைக் கழற்றச் சொல்வதாவது. வேறு யாராவதாக இருந்தால் அவர் பலகையைக் காட்டி அனுப்பியிருப்பார். டீச்சரிடம் அது நடக்காது, பரஞ்சோதியின் இரண்டு பிள்ளைகளுக்கும் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர். மூன்று வாரம் தவணை கேட்டார். பரணில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த கோணிச் சாக்கை இறக்கினார்.

பீய்ச்சுகிற குழல்கள் துருப்பிடித்திருந்தன. பெட்ரோல் பம்பும் வேறு வேண்டும். சுங்கைப் பட்டாணியில் பழைய கார் சாமான் கடை வைத்திருக்கும் காஜா மைதீனிடம் போனார். காஜா மைதீன் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கல்லாவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அவருக்கு எல்லா முதலாளியும் தவுக்கேதான்.

"என்னா தவுக்கே, கார்ப்பு கட்சியிலருந்து தாவிட்டீங்களா? போர்டுல என்னா எழுதப் போறீங்க?"

"சும்மா இருங்க பாய். செத்துப்போன கம்ப்யூட்டருக்குப் பதிலா ஒண்ணு இருந்தா பாருங்க."

காஜா மைதீன், பரஞ்சோதி சாக்கிலிருந்து எடுத்து வந்திருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கடையில் நின்ற அதே மாதிரி வண்டி ஒன்றில் மாட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி சிணுங்காமல் கிளம்பியது. "இது சாகவே இல்லலா. ஒங்களவிட நல்லா இருக்கு."

பரஞ்சோதி வீடு திரும்புகிற வழியெல்லாம் தன்னோடேயே வாதாடிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறதென்றால் அன்றைக்குக் கெட்டது எது?

சாக்கிலிருந்து காற்று அளக்கிற பெட்டியை எடுத்தார். உள்ளே சின்னக் கதவு ஒன்று இருக்கும். காற்று தள்ளத் தள்ள அது திறந்துகொடுக்கும், எவ்வளவு திறக்கிறதோ அந்த அளவுக்குப் பெட்ரோல். விரலால் தள்ளினார். கதவு அசையவில்லை. ஓரத்தைச் சுரண்டினார். மஞ்சளாகப் பொருக்கு உதிர்ந்தது. அதன் நடுவில் மங்கலாக ஒரு சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனார்.

சந்தனம், குங்குமம்.

அந்த ஆயுத பூஜையில் அவர்தான் எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்தார். ஸ்டீரிங்குக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. டீச்சர் வண்டி வெளிநாட்டு வண்டியாயிற்றே என்று கூடுதல் பக்தி. மூச்சு விடுகிற இடத்துக்கும் சாமி துணை இருக்கட்டும் என்று, குழாயைக் கழற்றி, அந்தக் கதவும் சுவரும் சேர்கிற இடத்தில் கட்டைவிரல் கனத்துக்கு அப்பியது அவருக்கே நினைவுக்கு வந்தது. ராத்திரியெல்லாம் காய்ந்து கதவு ஒட்டிக்கொண்டது. காலையில் மூச்சு போகவில்லை. பழனியாண்டியின் பெட்ரோல் ஒரு பாவமும் செய்யவில்லை.

பரஞ்சோதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் கிடைத்த பேர், முகப்பில் தொங்கிய பலகை எல்லாம் தான் அப்பிய சந்தனத்தில் முளைத்தவை என்பது ஒரு பக்கம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கைகட்டி நின்ற பழனியாண்டியின் முகம்தான் தாங்கவில்லை. பிறகு ஒரு துணியை நனைத்துக் கதவைத் துடைத்தார். துடைத்துவிட்டால் சாட்சி இல்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனசு சொன்னது. அந்த யோசனை அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. உதிர்ந்த பொருக்கை மட்டும் ஏனோ பழைய தீப்பெட்டியில் போட்டு வைத்தார்.

வளைகாப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது டீச்சர் வந்தார். கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை. டீச்சர் ஒரு சுற்றுப் போய்வந்து இறங்கியபோது அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"புது வண்டி மாதிரி இருக்கு தம்பி. இருபத்தேழு வருஷம் இப்படியே ஓடியிருக்கும். அந்த மனுஷன் மட்டும் அன்னைக்கு அந்தத் தோங்க…"

"டீச்சர்," என்றார் பரஞ்சோதி. "எண்ணெயில ஒண்ணும் இல்ல டீச்சர்." தீப்பெட்டியைத் திறந்து நீட்டினார். ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது பலகையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னார்.

டீச்சர் அந்தப் பொருக்கை ரொம்ப நேரம் பார்த்தார். கோபம் வந்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்த மாதிரியும் இருந்தது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கியோஸ்குல எண்ணெ ஊத்தறதுக்கு முன்னால என் மொகத்த ஒரு தடவ பாப்பாரு. பயந்து பயந்து பாப்பாரு. இத எங்கிட்ட சொல்லி என்னா பிரயோசனம்? சாயந்தரம் வீட்டுக்கு வாங்க. அவருகிட்ட சொல்லுங்க."

சாயந்தரம் பரஞ்சோதி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கூடத்துச் சுவரில் பழனியாண்டி மாலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பரஞ்சோதி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஒங்க மேல தப்பில்லண்ணே. நாந்தான்," என்று ஆரம்பித்து முழுதும் சொல்லி முடித்தார். டீச்சர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "தப்புல நானும் சேத்திதான்" என்று படத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

பிறகு உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து பரஞ்சோதியிடம் நீட்டினார்.

"இவருக்கு ஒரு பொட்டு வைங்க தம்பி. கண்ணாடிக்கு வெளிய மட்டும்."