பூட்டுக்காரர் படித்த ஊதாரி மகன் கதை

பூட்டுக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில். அடுத்த வீட்டுக் கதவு அடைத்துக்கொண்டால் மணிக்கணக்கில் உட்கார்ந்து திறந்து கொடுப்பார். பெற்ற மகனிடம் மட்டும் அந்தப் பொறுமை செல்லாது. "உங்க கடையில நான் உக்கார மாட்டேன்பா" என்று அவன் சொல்லப்போக, வார்த்தை தடித்து, "அப்ப இந்த வீட்டுலயும் இருக்காத" என்று கத்திவிட்டார். அவன் துணிமணியை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை இவர் செய்ததுதான் அநியாயம். கோபித்துக்கொண்டு ஒருவர் வெளியேறினால் உடனே வாசல் பூட்டை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு ஓதி வந்தவர், தொழில் புத்தியில் தன் வீட்டுப் பூட்டையும் மாற்றினார். நீட்டிய புதுச் சாவியை மனைவி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மகன் போன் எண்ணையும் மாற்றிவிட்டான். மாதக்கணக்கில் தகவல் இல்லை. பூட்டுக்காரர் பைபிளைத் திறந்தால் கண் நேரே ஊதாரி மகன் கதையில் போய் விழுந்தது. சொத்தைப் பிரித்து வாங்கிப் போய்ச் சீரழிந்து திரும்பியவனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் கதை. அந்த இடம் வந்ததும் இவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

தாங்க மாட்டாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். இது குடும்பக் கதையே இல்லை, எல்லாம் மனிதனுக்கு உள்ளே நடப்பது. தகப்பன், உள்ளே அசையாமல் விழித்திருக்கும் உணர்வு. ஓடிப்போனவன் அலைகிற மனம். கதையில் வீட்டிலேயே இருந்து முறுமுறுக்கும் மூத்த மகன் அகங்காரம். நல்ல விளக்கம்தான், குறை சொல்ல முடியாது. மனிதர் அதற்குள் போய் ஒளிந்துகொண்டார்.

"கண்ண மூடி உக்காந்தா அவன் திரும்பி வந்துடறான்" என்றார் மனைவியிடம்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உள்ள இருக்கறவன் நல்லா வரட்டும். நான் பெத்தவன் சாப்பிட்டானா இல்லையான்னு அதுல போட்டிருக்கா?"

அந்த வாரமே எதிர் வீட்டுத் தையல்காரம்மா வாசலில் வந்து நின்றாள். "நேத்து மத்தியானம் வீடு பூட்டியிருக்கறப்ப உங்க பையன் வந்தான், தெரியுமா? அவங்கிட்ட இருந்த சாவியப் போட்டுப் போட்டுப் பாத்தான். அப்பறம் பூட்டத் தடவிப் பாத்துட்டுப் போயிட்டான். கூப்பிட்டேன், திரும்பல."

வாசலில் பூட்டு மாறினால் என்ன அர்த்தம் என்று பூட்டுக்காரர் மகனுக்குத் தெரியாதா?

பூட்டுக்காரர் கடைக்கு ஓடினார். பழைய இரும்புப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துத் துழாவி, அன்று வாசலிலிருந்து கழற்றிய பூட்டைக் கண்டுபிடித்தார். அதையே வாசலில் திரும்பப் பொருத்தினார்.

மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "மாட்டிட்டீங்க. சரி. அவனுக்கு யார் போய்ச் சொல்றது?"

அவர் கதவை விரியத் திறந்து வைத்தார். நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவே இல்லை.