மன்னிப்புக் கேட்கும் பெட்டி

வேங்கிக்காலில் புது வீடு கட்டியிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி அவர். சொன்னால் விளக்கு எரியும் பெட்டியைப் பொருத்த என்னைக் கூப்பிட்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி, மடிப்புக் கலையாத வேட்டி. யாரையும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார், விரலைச் சொடுக்குவார். மனைவிக்கும் அதே சொடுக்குதான்.

நான் கொண்டுபோன இரண்டு பெட்டிகளையும் அதட்டிப் பார்த்தார். அதட்ட ஆள் கிடைக்காமல் காய்ந்து போயிருப்பார்போல. ஒன்று பேசாமல் இருந்தது. மற்றது, "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மன்னிப்பு கேக்குது பாருங்க! இதையே மாட்டுங்க."

"அம்மா குரலையும் பதிஞ்சிடலாங்களா சார்?"

"எதுக்கு? என் குரலுக்கு மட்டும் கேட்டாப் போதும். அவளுக்கு வேணும்னா என்கிட்ட சொல்லட்டும், நான் போடச் சொல்றேன்."

சுவரின் அழகு கெடுகிறதென்று ஸ்விட்சுகளை முன்பே எடுக்க வைத்திருந்தார்.

அடுத்த பௌர்ணமி கிரிவலத்தில், அடி அண்ணாமலை அருகே அவரை மறுபடி பார்த்தேன். பொழுது சாய்ந்திருந்தது. வெறுங்காலோடு நின்று, பெட்டியோடு இணைத்திருந்த கைபேசியிடம் "ஹால் லைட்டைப் போடு" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த ஜனத்திரளில் நெட் எங்கே கிடைக்கும்?

என்னைக் கண்டதும் சொடுக்கினார்.

"வீடே இருட்டாக் கிடக்குதுன்னு போன் பண்றா. ஒரு லைட்டைப் போடத் துப்பில்ல பாருங்க அவளுக்கு!"

சொல்லிவிட்டு, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதற்காக மன்னிப்புக் கேட்டாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.