பெட்டி மூடியில் நான் எழுதிய பாஸ்வேர்டு

1. நோட்டுத் தாள்

ஜெயங்கொண்டத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஐசி மாற்றுவது எப்படி, டிஸ்ப்ளே ஒட்டுவது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். அதையெல்லாம் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம். வீடியோவில் வராத ஒன்றை இங்கே எழுதுகிறேன். தப்பு செய்தவள் நான் என்பதால் விவரம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வந்து நின்றாள். வரதராஜன்பேட்டைப் பெண், அரியலூரில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் அப்பா சவரிமுத்து அண்ணன் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். அந்த வீட்டில் எந்தப் போன் கெட்டாலும் என்னிடம்தான் வரும். அன்று அவள் கையில் போன் இல்லை. நான்காக மடித்த நோட்டுத் தாள் ஒன்றைக் கவுண்டரில் வைத்தாள்.

"படிச்சுப் பாருங்கக்கா."

"இன்னிக்கு எதுக்கு உடையார்பாளையத்துல எறங்குன?" என்று முதல் வரி. "காலேஜ் விட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கெளம்புன போல" என்று அடுத்தது. "சர்ச்சுல பூசை முடிஞ்சு நேரா வூட்டுக்குப் போகலையே" என்று இன்னொன்று. இப்படிப் பதினோரு வரி. பக்கத்திலேயே கிழமையும் எழுதியிருந்தாள்.

"எவனோ ஒருத்தன் வாட்ஸ்அப்ல அனுப்புனது. போன அப்பா புடுங்கி வச்சிட்டாரு, அதான் ஞாபகத்துலேருந்து எழுதிக்கிட்டு வந்தேன். அவன் யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. பிளாக் பண்ணா வேற நம்பர்லேருந்து கூப்புடுறான்."

"அப்பாகிட்ட சொல்லலாம்ல?"

"சொல்றதுக்குள்ள அவரே கண்டுபுடிச்சிட்டாரு. எனக்கு வர்ற கால் எல்லாம் அவருக்குத் தெரியுமாம். ஒருத்தன் இத்தன தடவ கூப்புடுறான், நீ நம்பர் குடுக்காம எப்புடிடின்னு அடிச்சாரு. இனிமே காலேஜ் கெடையாதுன்னுட்டாரு. ஆறு நாளா வூட்லதான் இருக்கேன். இப்பகூட அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுத்தான் வந்தேன். அடுத்த வாரம் செமஸ்டர்." பிறகு கேட்டாள். "என் போன்ல ஏதோ ஆப் இருக்காம். அத நீங்கதான போட்டீங்க?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

2. "அவளுக்குத் தெரிய வேணாம்"

அதற்கு எட்டு மாதம் முன்பு சவரிமுத்து அண்ணன் கடைக்கு வந்திருந்தார். யாரோ ஒரு பெண் காணாமல் போன வீடியோவை டிரைவர்கள் குரூப்பில் பார்த்துவிட்டு, பயந்துபோய் வந்திருந்தார்.

"நான் ஒரு நா ஆந்திரா, ஒரு நா கேரளான்னு கெடக்கேன் தங்கச்சி. புள்ள எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும், நிம்மதியா ஸ்டியரிங் புடிப்பேன். ஆனா அவளுக்குத் தெரிய வேணாம்."

பிள்ளைகள் போனைக் கண்காணிக்கிற ஆப் ஒன்றை அப்போது நான் பல வீட்டுக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி.

"இத நம்பலாமா? நம்ம வூட்டு விஷயம் வெளிய போவாதுல்ல?"

"தாராளமா நம்பலாம்ணே. உங்களத் தவிர ஒருத்தரும் பாக்க முடியாது."

அந்த ஆப்பின் நிபந்தனைகளில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. கம்பெனி எந்த ஊர் என்றும் தெரியாது. ஆனால் என் குரலில் இருந்த உறுதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா டெம்பர்டு கிளாஸ் மாற்ற வந்தாள். அப்பாதான் அனுப்பியிருந்தார். அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, அவள் கண்முன்னாலேயே அவளுக்குத் தெரியாமல் போட்டேன். லொகேஷன், கான்டாக்ட், கால், எஸ்எம்எஸ், கேலரி, மைக் என்று வரிசையாகக் கேட்டது. கல்யாண வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் நீட்டுவது மாதிரி எல்லாவற்றுக்கும் அலவ் கொடுத்தேன். ஐகானை மறைத்தேன். தேங்க்ஸ்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாவின் போனில் அதைப் பார்ப்பதற்கு ஒரு ஐடி, பாஸ்வேர்டு வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கஸ்டமருக்கு ஐடி நாங்களே போட்டுக் கொடுப்போம். பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றுதான், கடைப் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். மறந்துவிட்டது என்று நாளைக்கே வந்து நிற்பார்கள் என்பதால், போன் வாங்கிய பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் இரண்டையும் மார்க்கரால் எழுதியும் கொடுப்போம். அண்ணன் தன் போன் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆப்பின் பெயரையும் சேர்த்து.

3. போனைத் துடைத்தேன்

ஸ்டெல்லாவை உட்காரச் சொல்லிவிட்டு, கடை லேப்டாப்பில் அந்த ஐடியைத் திறந்தேன். எந்தெந்த போனிலிருந்து பார்க்கிறார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். எட்டு மாதமாக அதை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. இரண்டு போன் காட்டியது. ஒன்று அண்ணனின் இப்போதைய போன். இன்னொன்று அவரிடம் முன்பு இருந்த அதே மாடல், முந்தின நாள் சாயங்காலம்கூடப் பார்த்திருக்கிறது.

பழைய போனை அவர் இந்த எட்டு மாதத்துக்குள் என் கடையில்தான் எக்ஸ்சேஞ்ச் போட்டார். ரீசெட் அடித்து, மனசு கேட்காமல் இன்னொரு தடவையும் ரீசெட் அடித்து, சுத்தமாகத் துடைத்துத்தான் விற்றேன். பெட்டியோடு இருந்தால் பழைய போன் நல்ல விலைக்குப் போகும். அதனால் பெட்டியையும் கேட்டு வாங்கி, அதோடு சேர்த்தே விற்றேன். போனுக்குள் இருந்ததையெல்லாம் அழித்தவள், மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

வாங்கியவன் மூடியில் இருந்ததைப் பார்த்து, அந்த ஆப்பை இறக்கி, நான் எழுதியதை அப்படியே போட்டிருக்கிறான். அவள் நம்பர், அவள் போட்டோ, அவள் ஏறுகிற பஸ், இறங்குகிற இடம் எல்லாம் அவன் கைக்குப் போயிருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டால் என்ன என்று நினைத்தேன். அவன் வெளியே போய்விடுவான், தொல்லை நின்றுவிடும், என் கடைப் பெயரும் தப்பும். ஆனால் எவனுக்கோ நம்பர் கொடுத்த பெண் என்ற பெயர் ஸ்டெல்லா மேல் அப்படியே நிற்கும். காலேஜும் போய்விடும். எதிரே அவள் அந்தத் தாளைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

"இத அப்பாகிட்ட நீங்க சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாப் போனிலிருந்தும் லாக்-அவுட் கொடுத்தேன். இந்த வரிசையைப் புதிதாக வருகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும்.

4. வரதராஜன்பேட்டை

ஷட்டரை இறக்கிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். அண்ணன் அன்று லோடு இல்லாமல் வீட்டில் இருந்தார். மகளோடு என்னைப் பார்த்ததும், சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, ஸ்டெல்லா யாருக்கும் நம்பர் குடுக்கல. குடுத்தது நான்" என்றேன்.

ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் புரிய நேரமானது. திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்.

"ஒருத்தரும் பாக்க முடியாதுன்னு நீதான சொன்ன?"

"சொன்னேண்ணே. தெரியாமலே சொன்னேன்."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை.

"எழுதுனவ நீ. பெட்டிய குடுத்தவன் நான்" என்றார் அண்ணன். "அடி வாங்குனது எம் புள்ள."

அதற்குப் பிறகு அவர் மகளைப் பார்க்கவே கூச்சப்பட்டார். உள்ளே போய் அவள் போனை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். நாளைக்குக் காலேஜுக்குக் கிளம்பு என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று பேருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். யாருக்கு விற்றேன் என்பது என் கடை ரிஜிஸ்டரில் இருந்தது. முப்பது வயது ஆள். "பெட்டில எழுதியிருந்துச்சு சார், சும்மா போட்டுப் பாத்தேன்" என்றானாம். கேஸ் நடக்கிறது. ஸ்டெல்லா பரீட்சை எழுதிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க, ஆப் போட்டுக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்தேன். பாஸ்வேர்டை மாற்றுங்கள், மூடியில் இருப்பதை அடித்து அழித்துவிடுங்கள், பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்றேன். சிலர் திட்டினார்கள். மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருவர் மட்டும், "அதெல்லாம் இருக்கட்டும்மா, எம் பையனுக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டார்.

5. இருபது நிமிடம்

பரீட்சை முடிந்து அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். ஆப்பை எடுத்தாயிற்று. அண்ணன் போகாமல் தயங்கி நின்றார்.

"ஒண்ணும் வேணாம்தான். ஆனா ராஜமுந்திரி தாண்டுனா மனசு கெடந்து அடிச்சுக்குது தங்கச்சி."

ஸ்டெல்லாதான் வழி சொன்னாள். "எங்க இருக்கேங்கிறது மட்டும் காட்டுற மாதிரி வைப்போம். மத்தது எதுவும் கெடையாது. அதே மாதிரி லாரி எங்க நிக்கிதுன்னு எனக்கும் தெரியணும்."

இரண்டு போனிலும் ஏற்கெனவே இருக்கும் மேப்பிலேயே அதைச் செய்யலாம். கொண்டா என்று கையை நீட்டினேன். போனை அவள் தரவில்லை.

"நீங்க சொல்லுங்கக்கா. நானே அமுக்கிக்கிறேன்."

சொன்னேன். வந்த ஒவ்வொரு வரியையும் படித்தாள். கான்டாக்ட் கேட்டபோது வேண்டாம் என்று அமுக்கினாள். முடிய இருபது நிமிடம் ஆனது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் வாரத்துக்கு ஒருவராவது வந்து, இந்த ஆப்பை நம்பலாமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். அந்தக் கம்பெனிக்காரன் நம் பிள்ளை போட்டோவை எங்கே வைக்கிறான், யாருக்குக் காட்டுகிறான் என்று நான் பார்த்ததில்லை என்கிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதுவே படித்து அமுக்கட்டும், பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன் என்கிறேன். பாதிப் பேர் முகம் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே எதுவும் கேட்காமல் இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன்.