அலிப்பூர் நாயும் கார்பாலிக் சோப்பும்

1. கூடையோடு வந்தவர்

கல்கத்தாவில் சௌரங்கித் தெருவில் வெள்ளைக்காரர் நடத்திய ஒரு மருந்துக் கடையில் நான் சேல்ஸ் கிளார்க்காக இருந்தேன். குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்திருந்த சமயம். கடையின் பின்பக்கக் கவுண்டர் என்னுடையது. குதிரைக்கும் நாய்க்கும் வேண்டிய சாமான்கள் அங்கே இருந்தன: பிரஷ், உண்ணிப் பவுடர், சொறிக் களிம்பு, நாய் சோப்பு. வாங்க வருபவர்கள் பெரும்பாலும் துரைமார் வீட்டு வேலைக்காரர்களான பேரர்கள். கேட்டதைக் கட்டிக் கொடுப்பேன். எந்த நாய்க்கு, எதற்கு என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதுமில்லை.

ஒரு கோடைப் பகலில் மடிசார் கட்டிய ஓர் அம்மாள் கோடா காடி என்கிற குதிரை வண்டியில் வந்து இறங்கி, மூடிய கூடை ஒன்றை என் கவுண்டர்மேல் வைத்தார். அந்தக் கடைக்குள் தமிழ்ப் பெண்மணி ஒருவரை நான் பார்த்தது அன்றுதான். என் நெற்றிக் குறியைப் பார்த்துவிட்டு நேராகத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"இந்த சோப்பு உங்க கடைச் சரக்குதானே?"

கையில் இருந்தது எங்கள் கார்பாலிக் நாய் சோப்பு, உண்ணி கொல்லும் அமிலம் கலந்தது. கூடைத் துணியை விலக்கினார். உள்ளே ஒரு சின்ன வெள்ளை டெரியர். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் மயிர் உதிர்ந்து, தோல் வெந்ததுபோலச் சிவந்து கிடந்தது. என்னைப் பார்த்தது, குரைக்கவில்லை.

அவர் பெயர் கோமதி அம்மாள். கணவர் அக்கவுண்ட்ஸ் ஆபீஸில் அதிகாரி, வீடு அலிப்பூரில். பக்கத்து பங்களாவில் இருந்த ஒரு மேம் சாகிப் சீமைக்குக் கப்பலேறியபோது இந்த நாயை இவர்களிடம் விட்டுப் போயிருந்தார். பெயர் பிப்பின்.

"உண்ணி இருந்ததுன்னு பேரர் இதை வாங்கிண்டு வந்தான். தேய்ச்சதும் லேசா சிவந்தது. சிவந்துடுத்தேன்னு தினமும் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க இப்படி ஆயிடுத்து. இப்போ சோறும் திங்கறதில்லை, வாந்தி வேற."

"டாக்டர்கிட்ட காட்டினேளா, மாமி?"

"எதிர் பங்களா மேஜர் பார்த்துட்டு இது மேஞ்ச், சொறி, என் நாய்களுக்கெல்லாம் ஒட்டிக்கும்கறார். சுட்டுடணுமாம். ஞாயித்துக்கிழமை துப்பாக்கியோட தானே வரேன்னிருக்கார். ஆத்துக்காரரும் சரின்னுட்டார்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவர் ஆபீஸ் போயிட்டா இந்த ஊர்ல பகல் பூரா நான் தமிழ் பேசறது இதுகிட்ட மட்டுந்தான்."

மானேஜர் ஹாப்ஸ் துரை கண்ணாடி அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். சோப்புக் கட்டியை அவரும் பார்த்திருந்தார்.

"சொறிக் களிம்பு ஒரு டப்பா குடுத்து அனுப்பு. சோப்பைப் பத்தி வாய் திறக்காதே. வேட்டை நாய் வச்சிருக்கறவங்க எல்லாம் அதைத்தான் பெட்டி பெட்டியா வாங்கறாங்க."

2. காம்பவுண்டரின் பூதக்கண்ணாடி

நான் களிம்பை எடுக்கப் போகவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். எங்கள் வங்காளிக் காம்பவுண்டர் நிபாரண் பாபு மருந்து கலந்துகொண்டிருந்தார். அவர் வீட்டிலும் நாய் உண்டு. என்னை 'பாய்', அதாவது தம்பி என்பார்; நான் அவரை அண்ணா என்கிற அர்த்தத்தில் 'தாதா' என்பேன். கையைக் கழுவிவிட்டு வந்து பூதக்கண்ணாடியால் பிப்பினின் காதோரத்தைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், பிறகு வயிற்றுக்கு வந்தார்.

"மேஞ்ச் பெரும்பாலும் காதோரத்திலும் முழங்கையிலும்தான் தொடங்கும், பாய். ரெண்டும் சுத்தமா இருக்கு. சோப்பு வழிஞ்சு தங்கற இடம்தான் புண்ணாகியிருக்கு. இவன் அதை நக்கியும் இருக்கான். கார்பாலிக் வயித்துக்குள்ள போனா வாந்திதான் வரும்."

"அப்போ மேஞ்ச் இல்லையா, தாதா?"

"இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். சோப்பை நிறுத்திப் பாருங்க. நிறுத்தினதும் குறைஞ்சா அதுதான் காரணம்."

திரும்பி வந்து கோமதி அம்மாளிடம் அப்படியே சொன்னேன்.

"சோப்பை நிறுத்துங்கோ, மாமி. பவுடர், எண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். ஆறின வெந்நீரால அலம்பி, பழைய மல் துணியால ஒத்தி எடுங்கோ. நக்காம பார்த்துக்கோங்கோ."

"மருந்தே இல்லாமலா?"

"இப்போதைக்கு அதுதான் மருந்து."

"ஞாயித்துக்கிழமை நீங்க வந்து இதை மேஜர்கிட்ட சொல்றேளா? நான் சொன்னா அவர் காதுல ஏறாது. எனக்கு இங்கிலீஷும் வராது."

அலிப்பூர் மேஜர் என்றால் எங்கள் கடையின் பெரிய வாடிக்கைக்காரர். இருந்தாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோமதி அம்மாள் எதுவும் வாங்காமல் படியிறங்கிப் போனதை ஹாப்ஸ் துரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. வேலியோரம்

ஞாயிறு காலை டிராமில் கிடர்பூர் பக்கம் போய் இறங்கி அலிப்பூருக்கு நடந்தேன். நான் போனபோது மேஜர் வேலியோரம் வந்துவிட்டிருந்தார். துப்பாக்கி கையிடுக்கில் இருந்தது. கோமதி அம்மாளின் கணவர் வெங்கடராமய்யர் கோட்டும் தலைப்பாகையுமாக, ஆபீஸுக்குக் கிளம்பியவர்போல விறைப்பாக நின்றார். பிப்பினை வராந்தா தூணில் கட்டியிருந்தார்கள். அந்த அம்மாள் அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் முதலில் நாயைப் பார்த்தேன். தோல் ஆறியிருக்கவில்லை. ஆனால் அந்தத் தீச்சிவப்பு மங்கியிருந்தது; ஓரங்கள் காயத் தொடங்கியிருந்தன. தட்டில் சோறு பாதி காலியாகியிருந்தது.

மேஜரிடம் நான் கடைப் பெயரைச் சொன்னதும், "நீ அந்த மெட்ராஸ் கிளார்க் இல்ல? உனக்கு இங்க என்ன வேலை?" என்றார்.

"இது மேஞ்ச் இல்லைன்னு எங்க காம்பவுண்டர் நினைக்கிறார், சார். நாங்க விக்கற சோப்புதான் தோலைச் சுட்டிருக்கு. காதோரத்தையும் முழங்கையையும் நீங்களே பார்க்கலாம்."

வாடிக்கைக்காரர் முன்னால் கடைச் சரக்கைக் குறை சொல்லும் கிளார்க்கை எந்தக் கடையும் வைத்துக்கொள்ளாது.

மேஜர் வராந்தாவுக்கு வந்து துப்பாக்கியைத் தூணில் சாத்திவிட்டுக் குனிந்தார். நாய்களோடு பழகியவர்; காதை மடக்கி விரலால் தடவிப் பார்த்தார், கால்களைத் தூக்கிப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார். பிப்பின் நடுங்கியது. கோமதி அம்மாள், "ஒண்ணுமில்லைடா, ஒண்ணுமில்லை" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஒரு மாசம். கட்டியே இருக்கட்டும். வேலியைத் தாண்டினா பேச்சு கிடையாது" என்று சொல்லிவிட்டு மேஜர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

வெங்கடராமய்யர் என்னைக் கேட் வரை கொண்டுவந்து விட்டார். "ஓய், அந்த மனுஷன் நேரா உம்ம துரைகிட்ட போய்ச் சொல்லுவார். உம்ம பிழைப்பு என்ன ஆறது?"

"தெரியலை, சார்."

"காபி சாப்பிட்டுட்டுப் போம்" என்றார். அதுவரை அவர் என்னை உட்காரச் சொல்லியிருக்கவில்லை.

4. துரையின் மணிக்கட்டு

மேஜர் சொல்லிவிட்டார். மறுநாள் ஹாப்ஸ் துரை என்னை நிற்க வைத்துக் கேட்டார்: "நம்ம சோப்பு தோலைச் சுடும்னு நீ சொன்னியா?"

"சொன்னேன், சார்."

அவர் கத்தவில்லை. ஒரு சோப்புக் கட்டியையும் தண்ணீரையும் கொண்டுவரச் சொன்னார். நுரையைக் குழைத்துத் தன் இடது மணிக்கட்டின் உட்புறம் தடவி, கழுவாமல், ஈரக் கைக்குட்டையால் இறுகக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். டிபன் வேளைக்குப் பிறகு கட்டை அவிழ்த்தார். தோல் சிவந்து, சிறு பொரியாகக் கிளம்பியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"மனுஷன் கழுவிக்குவான். நாயை யார் ஒழுங்கா அலசறாங்க?" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியவில்லை.

சோப்பு விற்பனை நிற்கவில்லை. நாய்க்கொட்டில் தரை கழுவ என்று வேறு அலமாரிக்குப் போனது. நாய்மேல் தேய்க்க அதைக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. சொல் கேளாததற்காக எனக்கும் தண்டனை உண்டு: அந்த மழைக்காலம் முழுவதும் கோடவுனில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். வாடிக்கைக்காரர்கள் "அந்த மெட்ராஸி பாபு எங்கே?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் கவுண்டருக்குத் திரும்பினேன்.

5. தேர்ந்தெடுத்த விதம்

கோடவுனில் இருந்தபோதும் கோமதி அம்மாள் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். புண் ஆறியதும், எதைத்தான் போட்டுக் குளிப்பாட்டுவது என்ற கேள்வி வந்தது. நிபாரண் பாபுவும் நானும் யோசித்து, குழந்தைகளுக்கு விற்கும் ஆலிவ் எண்ணெய் காஸ்டைல் சோப்பை அனுப்பினோம். உடம்பு முழுவதும் தேய்க்காமல் முதலில் முதுகில் ஓர் அணாக் காசு அகலத்துக்கு மட்டும் தேய்த்து அலசிவிட்டு, இரண்டொரு நாள் பார்க்கச் சொன்னோம். அரிப்பு வரவில்லை.

இடையில் யாரோ பரிசாகக் கொடுத்த வயலட் வாசனைப் பவுடரை அந்த அம்மாள் தூவிவிட்டார். மறுபடி சிவந்தது. உடனே நிறுத்தினார். தோல் காய்ந்து அரித்தபோது, ஓட்ஸை மல் துணியில் முடிந்து ஊற வைத்த தண்ணீரை ஊற்றச் சொன்னார் நிபாரண் பாபு. "நாங்களே வாயில வைக்காத பதார்த்தம், நாய்க்கு ஸ்நானத்துக்கா?" என்று கேட்டு அனுப்பினார் அம்மாள். ஆனால் செய்தார். அரிப்பு அடங்கியது.

மேஜர் கொடுத்த மாசம் முடிந்தபோது வயிற்றில் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. அவர் வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். குளிர்காலத்தில் வெங்கடராமய்யருக்கு சிம்லாவுக்கு மாற்றல் ஆயிற்று. வழிக்கு வேண்டிய காஸ்டைல் சோப்பை வாங்க அவரே கடைக்கு வந்தார்.

"மலைக் குளிர்ல இதை எப்படி ஓய் குளிப்பாட்டறது?" என்று கவலையோடு கேட்டார்.

"அடிக்கடி வேண்டாம், சார். அழுக்கானா போதும். நன்னா அலசி, விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சுடுங்கோ."

அதன் பிறகு வந்த கிளார்க்குகளுக்கு நான் சொன்னது இதுதான். நாய்ச் சாமான் கேட்டு வருபவரிடம் முதலில் நாயைப் பற்றிக் கேளுங்கள்: தோல் எப்படி இருக்கிறது, இதுவரை என்ன போட்டார்கள், அது தன்னை நக்குகிறதா. வாசனையும் காரமும் குறைந்ததைக் கொடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முதலில் சின்ன இடத்தில். சிவந்தால் இன்னொரு டப்பாவை விற்காதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள். எரிகிறது என்று சொல்ல நாய்க்கு வாய் கிடையாது. கவுண்டரில் நிற்பவன் கேட்காவிட்டால், அதன் சார்பில் கேட்க அந்தக் கடையில் வேறு ஆள் இல்லை.