தணிகாசலம் போடும் முடிச்சு

"ஒவ்வொருத்தரா வாங்கப்பா, ஒவ்வொருத்தரா. எல்லாருக்கும் உண்டு" என்று சொல்லிக்கொண்டே தணிகாசலம் ஓடி வருகிறவரின் வலது மணிக்கட்டைப் பிடிப்பார். பல்லிடுக்கில் கற்றையாகக் கவ்வியிருக்கும் பட்டு நூலிலிருந்து ஓர் இழையை உருவி, இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவார். தட்டு கொஞ்சம் பலமாகவே விழும். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்தின் தகரத்தைத் தட்டிப் பழகிய கை அது. சில சமயம் வாய் தவறி "போலாம் ரைட்" என்றும் வந்துவிடும். ஓடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி ஓடுவார்கள்.

காஞ்சிபுரத்தில் ஒவ்வொரு குடியரசு தினத்தன்றும் காலையில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் இது. ஊருக்குள் மைதானத்தில் கிளம்பி, ஐயம்பேட்டை சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடி, ஒரு புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். அந்த மரத்தடிதான் தணிகாசலத்தின் இடம். மரம்வரை வந்ததற்கு அத்தாட்சி அவர் கட்டிவிடும் நூல். நூல் இல்லாத கைக்குப் பரிசும் இல்லை, சான்றிதழும் இல்லை.

தென்னேரியில் நிலபுலம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். கண்டக்டர் வேலை கிடைத்து டவுனுக்குக் குடிவந்து, வாலாஜாபாத் தடத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டார். ஓட்டத்துக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. கேட்டால், "நா ஓடுனதெல்லாம் பஸ்ஸு பின்னாடிதாம்பா. ரெண்டு தபா டிரைவரு என்னய வுட்டுட்டுக் கெளம்பிட்டாரு" என்பார்.

அவரை இதில் இழுத்துவிட்டவர் சின்ன காஞ்சிபுரத்து சம்பத்குமார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளர். ஒரு நாள் நெரிசலான பேருந்தில், அறுபது தலைகளுக்கு நடுவிலிருந்து டிக்கெட் எடுக்காத ஒரே ஆளைத் தணிகாசலம் பொறுக்கி எடுத்ததைப் பார்த்து அசந்துபோய், ஓட்டத்தில் ஏமாற்றுகிறவர்களைப் பிடித்துத் தர வர முடியுமா என்று இறங்கும்போதே கேட்டுவிட்டாராம். "ஓடுறவன் எதுக்கு சார் ஏமாத்தப் போறான்? ஒடம்புக்குத்தான ஓடுறான்?" என்று வெள்ளந்தியாகக் கேட்டிருக்கிறார் இவர்.  பதிலை அந்த வருட ஓட்டமே சொல்லிவிட்டது.

பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, முன்னால் போனவர்கள் திரும்பி வரும்போது கூடச் சேர்ந்துகொண்டவர்கள் நான்கு பேர். ஒரே மாதிரி சட்டையில் பாதித் தூரம் அண்ணனும் மீதித் தூரம் தம்பியுமாக ஓடிய இரட்டையர். சைக்கிளில் வந்து, மரத்துக்கு நூறடி முன்னால் அதைப் புதரில் படுக்க வைத்துவிட்டு, முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு மூச்சு வாங்கிய ஒரு பெரிய மனிதர். இவர்களைப் பற்றிச் சொல்லும்போது தணிகாசலத்துக்குக் கோபமே வருவதில்லை. சொந்தக்காரர்களின் குறும்பைச் சொல்வதுபோல ரசித்துச் சொல்வார்.

நூல் கட்டும் யோசனை அவருடையதுதான். "டிக்கெட்ட குடுத்துடலாம் சார், அப்பறம் எவனும் பேச முடியாது" என்றார். என்ன நிறம் என்பது அன்று விடியும்வரை ரகசியம். செயலாளர் உறையில் போட்டு ஒட்டி மரத்தடியில் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் இது காஞ்சிபுரம். வீட்டுக்கு வீடு எல்லா நிறத்திலும் பட்டு நூல் கிடக்கிற ஊரில் நூலை வைத்தா திருடனைப் பிடிப்பது? ஏமாற்றுகிறவர்கள் பத்து நிறத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். மற்றவர் கையைப் பார்த்து அன்றைய நிறத்தை உருவி, ஒருவருக்கு ஒருவர் கட்டிவிட்டுக்கொண்டார்கள். அப்படியும் அத்தனை பேரும் தணிகாசலத்திடம் மாட்டினார்கள்.

எப்படி என்பதை அவர் வெகுகாலம் யாருக்கும் சொல்லவில்லை. விஷயம் இதுதான். ஏமாற்றியவர்களில் பெரும்பாலோர் தறியில் உட்காருகிறவர்கள். அறுந்த இழையைக் கண்ணுக்குத் தெரியாமல் முடிந்து பழகிய விரல்களால் அசிங்கமாக ஒரு முடிச்சுப் போட முடிவதில்லை. தணிகாசலம் போடுவதோ தென்னேரியில் மாட்டை முளைக்குச்சியில் கட்டுகிற முடிச்சு. சுண்டைக்காய் அளவுக்குத் திரண்டு, இரண்டு பக்கமும் காது நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டம் முடிந்ததும் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மைதானத்துக்கு வந்து, வரிசையாகக் கைகளைத் தூக்கிப் பார்ப்பார். முடிச்சு அழகாக இருந்தால் ஆள் திருடன். இந்தக் கணக்கு ஐந்து வருடம் தப்பவே இல்லை.

ஆறாவது வருடம், 2003இல், அந்த அழகான முடிச்சு முதலாவதாக வந்தவர் கையில் இருந்தது.

வேணுகோபால் பிள்ளையார்பாளையத்துக்காரர், இருபத்து மூன்று வயது, தறி வேலை. நாலு வருடமாக விடிவதற்கு முன் எழுந்து ஓடிப் பழகியவர். முதலாவதாக வருகிறவரை மாவட்ட அணித் தேர்வுக்கு அனுப்புவதாக அந்த வருடம் சங்கம் அறிவித்திருந்தது. மகன் ஜெயிப்பதைப் பார்க்க அவருடைய அம்மா காமாட்சியம்மாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து மேடை ஓரமாக நின்றிருந்தார்.

தணிகாசலம் கையைத் தூக்கிப் பார்த்தார். கடுகளவு முடிச்சு. காதும் இல்லை, ஒன்றும் இல்லை. "இது நா போட்டதில்ல" என்றார்.

"நீங்கதான் சார் கட்டுனீங்க. வர்ற வழில கழண்டு வியிந்துடுச்சு. எடுத்து நானே கட்டிக்கினேன்" என்றார் வேணுகோபால்.

ஜன்னல் வழியாக டிக்கெட் பறந்துவிட்டது என்று சொல்கிறவர்களை தினம் பார்க்கிறவர் தணிகாசலம். மெதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

ஒரு முகத்தைப் பார்த்தால் மறக்கமாட்டேன் என்பது அவருடைய பெருமை. ஆனால் அன்று முன்னணியில் நான்கு பேர் ஒன்றாக மரத்தடிக்கு வந்த நேரம் பார்த்து, வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டரும் வந்து சேர்ந்தது. ஒரு கண்ணால் டிராக்டரைப் பார்த்துக்கொண்டே நான்கு கைகளில் அவசரமாகக் கட்டினார். முகங்களைப் பார்க்கவில்லை. கூட ஓடி வந்த மூவரும் வாயைத் திறக்கவில்லை. வேணுகோபால் போய்விட்டால் அவர்களுக்கு ஆளுக்கு ஓர் இடம் ஏறும். தரையைப் பார்த்துக்கொண்டு கால்களை நீவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தணிகாசலம்" என்று செயலாளர் பேனாவைத் திறந்து பட்டியலில் முதல் பெயரை அடித்தார். கூட்டத்தில் யாரோ "திருட்டுப் பயலே" என்றார்கள். காமாட்சியம்மாள் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "எம்புள்ள அந்த மாதிரி இல்லைங்க. நெசமா இல்லைங்க" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னார். வேணுகோபால் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் வரிசையில் பதினோராவதாக நின்றிருந்தவர் முன்னால் வந்தார். பெயர் சாமுவேல். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கொஞ்சம் தொப்பை. அவர் கையை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. சுண்டைக்காய் முடிச்சு, இரண்டு காது, எல்லாம் சரி.

"சார், அவரு சொல்றது உண்மை. நா பாத்தேன். மரத்துலருந்து திரும்பி வரும்போது நூலு வியிந்துது. நின்னு, திரும்பி ஓடியாந்து எடுத்து, பல்லால கடிச்சி முடிச்சுப் போட்டுக்கினு ஓடுனாரு."

"நீ எங்க இருந்து பாத்த?" என்றார் தணிகாசலம்.

சாமுவேல் நூல் கட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஷேர் ஆட்டோல இருந்து சார்."

மைதானம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு மீதியையும் அவரே சொன்னார். மூன்று வருடமாகப் பாதியிலேயே நின்றுவிடுகிறாராம். இந்த முறை முழுவதும் ஓடிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டாராம். மூன்றாவது கிலோமீட்டரில் வயிறு பிடித்துக்கொண்டது, ஆட்டோவில் ஏறிவிட்டார். நூல் பையில் இருந்தது.

"அப்ப இந்த முடிச்சு?"

"போன வருஷமே உங்க முடிச்ச நல்லா பாத்து வெச்சிக்கினேன் சார். ரெண்டு நாளா பிராக்டீஸ் பண்ணேன். அது நிக்கவே மாட்டேங்குது சார். வேர்வ பட்டா கழண்டுக்குது. அஞ்சு தபா கழண்டுச்சு. கடைசில கொஞ்சம் பசை வெச்சிக்கினேன்."

தணிகாசலம் பையிலிருந்து மீதி நூலை எடுத்துத் தன் இடது கையிலேயே, டிராக்டர் வந்தபோது கட்டிய அதே அவசரத்தில், ஒரு முடிச்சுப் போட்டார். மேலே தண்ணீரை ஊற்றிக் கையை நாலு உதறு உதறினார். கயிற்றில் மாட்டையே நிறுத்துகிற முடிச்சு, பட்டில் வழுக்கிக்கொண்டு காலடியில் விழுந்தது.

அவர் ஒலிபெருக்கியை வாங்கினார். அதில் பேசிப் பழக்கமில்லாதவர் என்பதால் கத்தினார். "தப்பு எம்பேர்லதான். அந்தத் தம்பி ஒழுங்காத்தான் ஓடிச்சு. எனக்குத்தான் கட்டத் தெரில. அம்மா, நீ என்ன மன்னிச்சுக்கோம்மா." வாசல்வரை போயிருந்த காமாட்சியம்மாள் அங்கேயே நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். செயலாளர் அடித்த பெயரின் மேல் திரும்பவும் எழுதினார். சாமுவேலின் பெயரை அடிக்கும்போது அவருக்குக் கை வரவில்லை, இருந்தாலும் அடித்தார்.

வேணுகோபால் மாவட்ட அணிக்குத் தேர்வானாரா என்று கேட்பவர்களுக்கு: ஆனார். தணிகாசலம் இப்போதும் மரத்தடிக்கு வருகிறார். வேணுகோபால் கற்றுக்கொடுத்த முடிச்சைப் போடுகிறார், ஓரளவுக்கு. கூடவே ஒரு நோட்டில் எண்ணையும் எழுதிக்கொள்கிறார். முக்கியமாக, முகத்தைப் பார்க்கிறார்.

ஆனால் அவர் பேச்சில் அடிக்கடி வருவது சாமுவேல்தான். "எத்தினியோ பேர புடிச்சிருக்கேன். என்ன ஒருத்தன் புடிச்சான் பாரு, அவந்தான். அந்த ஆளு மட்டும் வாயத் தொறக்கலன்னா ஒரு தாய் வயித்தெரிச்சல நா எங்க போயிக் கொட்டியிருப்பேன்? அவன் கூலா சர்ட்டிபிகேட்ட வாங்கிக்கினு வூட்டுக்குப் போயிருக்கலாம்பா. போவல" என்பார். சொல்லும்போது குரல் இறங்கிவிடும். பிறர் நமக்குச் சொல்லும் நன்றியைவிட நாம் பிறருக்குப் பட்ட நன்றிக்கடன்தான் மனிதனைக் கட்டிப்போடும் என்று தோன்றும் அவரைப் பார்த்தால்.

சாமுவேலோ அந்த ஓட்டத்துக்குப் பிறகு தணிகாசலம் வேலை பார்க்கும் தடத்துப் பேருந்திலேயே ஏறுவதை விட்டுவிட்டார். ஊர் அவரை 'ஷேர் ஆட்டோ' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தது. எதிரில் பார்த்தால் சந்துக்குள் நுழைந்துவிடுவார். தணிகாசலம் இரண்டு முறை ஜெராக்ஸ் கடைக்குப் போனார். இரண்டு முறையும் உள்ளே இருந்துகொண்டே ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னாராம்.

அந்த ஓட்டம் முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. பேருந்து பிதுங்கிக்கொண்டு வந்தது. பதினைந்து நிமிடம் தாமதம் வேறு. வழியில் ஒரு ஆட்டோ பழுதாகி நிற்க, பக்கத்தில் காகிதக் கட்டோடு சாமுவேல் நின்றுகொண்டிருந்தார். அது நிறுத்தம் இல்லை. தணிகாசலம் விசிலை ஊதினார். டிரைவர் ராஜவேலு கண்ணாடியில் அவரை முறைத்துப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார். வேறு வழியில்லாமல் சாமுவேல் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு சில்லறையை நீட்டினார்.

தணிகாசலம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு தன்னுடைய ஒற்றை இருக்கையிலிருந்து எழுந்து, கழுத்திலிருந்த துண்டை எடுத்து, சாமுவேல் உட்கார அந்த இருக்கையைத் துடைத்துவிட்டார்.