பதினான்கு தாள்களின் பின்பக்கம்

எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. பத்தாம் வகுப்பு, அதற்கு மேல் தமிழ், ஆங்கில டைப்ரைட்டிங்கில் ஹையர். பிற்காலத்தில் 'மென்பொருள் பொறியாளர்' என்று போட்டு எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். யாரிடமும் நீட்டக் கூச்சப்பட்டு ஒரு பெட்டிக் கார்டையும் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தேன். சிறுகதைத் தொகுப்புகள் இரண்டு வந்திருக்கின்றன. அவற்றையும் நானாக எடுத்து யாருக்கும் கொடுத்ததில்லை. என் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று தெரியாமல்தான் நடந்துவந்தன. ஒரே ஒரு ஆடி மாதத்தில் மட்டும் இரண்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோவில்பட்டியைத் தாண்டித் திருநெல்வேலி ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் நான் டைப்பிஸ்ட். நான் குடியிருந்தது கோவில்பட்டியில், அண்ணன் மதினி வீட்டில். மில்லுக்கு ஒருநாள் மதுரையிலிருந்து வேனில் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கென்று கண்ணாடி போட்ட அறை கட்டி ஏ.சி. வைத்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேனேஜர்கூட ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு வருவார். கரிசல் வெயிலில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த அறைக்குள் நுழைந்து ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவார்கள்.

மெஷினோடு வந்த மதுரைக்காரர் பத்து நாள் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒரு புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"டைப் அடிக்கத் தெரிஞ்ச பிள்ளை நீதான் தாயி. இதுலயும் அதே எழுத்துதான இருக்கு? உக்காரு."

உட்கார்ந்துவிட்டேன். வாய் திறந்து மாட்டேன் என்று சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது.

மெஷின் செய்ய வேண்டிய முதல் வேலை, மூட்டை மூட்டையாகக் கட்டிவரும் பஞ்சு பேல்களின் பட்டியல். பஞ்சைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் பேல்கள் அடுக்கடுக்காக இருக்கும். நம் பக்கத்துக் கருங்கண்ணி ஒரு வரிசை, வெளியூர்ப் பஞ்சு வேறு வரிசை. எந்த பேல் எப்போது வந்தது, எவ்வளவு ஈரம், நாளைக்கு எதை எதோடு கலந்தால் நூல் அறுந்து போகாது என்பதை மெஷின் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கான கட்டளைகளை ஒவ்வொரு வரியாக நான் எழுதி ஏற்ற வேண்டும். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி மூன்று மாதத்தில் எழுதி முடித்தேன். பேல்களைத் தேர்ந்தெடுக்கும் கடைசிப் பகுதி மட்டுமே ஒரு மாதத்தை விழுங்கியது. ஒருவழியாக அது ஓடியது. பட்டியலைப் பார்த்த கிட்டங்கிக்காரர், "நான் மனசுல நெனச்ச பேலையே சொல்லுதே!" என்றார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஆனால் வெளியூரில் இருந்த முதலாளிக்கு மெஷின் விஷயத்தில் அரை மனசுதான். "ஆடிக் கடைசியில வாரேன். என் கண்ணு முன்னால அது லிஸ்ட் போட்டுச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா திருப்பி அனுப்பிருங்க" என்று சொல்லியிருந்தார். மெஷின் போனால் என் கதி என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. என் பழைய டைப்ரைட்டர் முன்னால் வேறு ஒரு பெண்ணை ஏற்கெனவே உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு இருந்தது அந்தக் கண்ணாடி அறை நாற்காலி ஒன்றுதான்.

இனி கதை எழுதும் பக்கம்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். மெட்ராஸில் இருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்புவேன். கதை திரும்பி வர வேண்டுமானால் தபால்தலை ஒட்டிய உறை வைக்க வேண்டும். நான் ஒருதடவைகூட வைக்கத் தவறியதில்லை. அவர்களும் ஒருதடவைகூடத் திருப்பி அனுப்பத் தவறியதில்லை.

மதினிக்கு இது பெரிய வேடிக்கை. "ஏட்டி, ஒன் கதைக்கு ஊர்ப்பாசம் ஜாஸ்தி. மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு மூணு வாரத்துல வீடு தேடி வந்துருதே!" என்பார். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பான்.

பத்திரிகையில் இன்னொரு விதி, தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்பது. முழு வெள்ளைத் தாளில் ஒரு பக்கத்தை வீணடிக்க எனக்கு மனசு வராது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அதற்கு வழி பிறந்தது. மெஷினில் சோதனைக்காக அச்சடித்துப் போடும் தாள்களின் பின்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். மேனேஜரிடம் கேட்டபோது, "வேஸ்ட்டுன்னா எடுத்துக்கிடு" என்றார். என் பட்டியல் புரோகிராம் முழுவதையும் ஒருதடவை அச்சடித்துப் பார்த்திருந்தேன். பதினான்கு தாள். புரோகிராம்தான் மெஷினில் போடும் பிளாப்பித் தட்டில் பத்திரமாக இருக்கிறதே, அதற்கு ஒரு நகலும் இருக்கிறதே என்று அந்தக் கத்தையை வீட்டுக்கு எடுத்துப்போய், அப்படியே கவிழ்த்துவைத்து, மேலே இருந்த தாளிலிருந்து கதையை எழுத ஆரம்பித்தேன். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்க்கும் ஒரு பெண், ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கயத்தாறில் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அதுதான் கதை. சரியாகப் பதினான்கு தாளில் முடிந்தது. ஆனி மாதக் கடைசியில் தபாலில் சேர்த்தேன்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஆடிக்காற்று என்றால் கரிசல் மண்ணையே எடுத்து வந்து கொட்டும். கண்ணாடி அறையாவது ஏ.சி.யாவது, மேஜையில் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி படிந்தது. பிளாப்பிக்குத் தூசி ஆகாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதனால் இரண்டு பிளாப்பிகளையும், அசலையும் நகலையும், ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, சுவர்ப் பலகையில் உயரமாக இருந்த ஸ்டெபிலைசரின் மேல் வைத்தேன். அங்கேதான் தூசி குறைவு.

ஒரு திங்கட்கிழமை காலையில் பிளாப்பியைப் போட்டால் மெஷின் படிக்க மாட்டேன் என்றது. நகலைப் போட்டேன். அதுவும் அப்படியே. ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் காந்த சக்தி பிளாப்பியில் எழுதியதை அழித்துவிடும் என்பதை மதுரைக்காரருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசித்தான் தெரிந்துகொண்டேன். "அச்சடிச்ச காப்பி இருக்குல்லா? அதைப் பாத்து அடிச்சிருங்க" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

அச்சடித்த காப்பி மெட்ராஸில் இருந்தது. கயத்தாறில் பஸ் ஏறிய பெண்ணின் முதுகில்.

முதலாளி வர இன்னும் பத்தொன்பது நாள்.

மேனேஜர் எட்டிப்பார்த்து, "மெஷின் என்ன சொல்லுது தாயி?" என்று கேட்கும்போதெல்லாம், "பாத்துக்கிட்டு இருக்கேன் சார்" என்றேன். அது பொய் இல்லை. ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். ஆரம்பம் வந்தது. பேல்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஒரு மாதமாக வெட்டியும் ஒட்டியும் செய்தது, திரும்ப எப்படி வரும்?

கதை திரும்பி வந்தால் மட்டும்தான் உண்டு. வாழ்க்கையில் முதல்தடவையாக என் கதையை அவர்கள் பிரசுரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். பிரசுரிக்கும் கதையை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்களே.

மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கூட வந்த மதினி, "இப்ப எதுக்குட்டி மெழுகுதிரி?" என்று கேட்டார்.

"கதை திரும்பி வரணும்னு, மதினி."

மதினி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "ஏட்டி, மாதாவே குழம்பிப் போவாவ. போன மாசம் வந்திரக் கூடாதுன்னு கேட்ட. இந்த மாசம் வந்திரணும்னு கேக்குத. அவிய எதைன்னு செய்வாவ?"

நடந்ததை மதினியிடம் மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு மதினி கேலி செய்யவில்லை. தன் பங்குக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினார்.

பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு இன்லேண்ட் லெட்டரும் எழுதினேன். இரண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதில்தான் தைரியம் வந்தது. 'என் கதை தங்களுக்குப் பிடிக்காமலிருந்தால் தயவுசெய்து விரைவில் திருப்பி அனுப்பவும். பிடித்திருந்தாலும் திருப்பி அனுப்பவும். தாள்களின் பின்பக்கம் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.' இப்படி ஒரு கடிதம் அவர்களுக்கு அதற்கு முன்னும் பின்னும் வந்திருக்காது.

எங்கள் தெருவுக்குத் தபால் வரும் நேரத்தில் நான் மில்லில் இருப்பேன். அதனால் தினமும் காலையில் தபாலாபீஸுக்கே போய், தபால் பிரிக்கும் இடத்துக்கு வெளியே நிற்பேன். ஆள் நடமாட்டத்தில் அப்படி நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கூச்ச சுபாவக்காரர்களுக்குத்தான் தெரியும். எங்கள் தெருத் தபால்காரர் முதல் நாள் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் நாள், "மாப்பிள்ளை வீட்டுக் கடுதாசியா தங்கச்சி?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளும் போனேன்.

பிளாப்பி அழிந்த பன்னிரண்டாம் நாள், தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே முகத்தைத் தொங்கப் போட்டார். கையில் என் கையெழுத்தில் என் விலாசம் எழுதிய தடித்த உறை.

"என்ன செய்ய தங்கச்சி, இதுவும் திரும்பி வந்துட்டு. மனசை விட்டுராத."

அங்கேயே உறையைக் கிழித்துத் தாள்களை எண்ணினேன். பதினான்கு. 'வருந்துகிறோம்' என்று அச்சடித்த சீட்டு ஒன்றும் இருந்தது. கதை பிடிக்காமல் அனுப்பினார்களா, நான் கேட்டதற்காக அனுப்பினார்களா என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அது எனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை. கதையின் முதல் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம் ஒன்று. மற்றபடி எல்லா வரிகளும் இருந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழாத தங்கச்சி."

"அழல அண்ணாச்சி. ரொம்ப நன்றி அண்ணாச்சி."

அவர் சைக்கிளைப் பிடித்தபடி நான் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மில்லுக்குப் போய், டைப்பிஸ்ட்டுகள் தாளைச் சாய்த்துவைக்கும் ஸ்டாண்டில் முதல் தாளை நிறுத்தி அடிக்க ஆரம்பித்தேன். தலை நிமிரவில்லை. பதினொரு மணி இருக்கும். மேஜைக்கு எதிரே மேனேஜர் நிற்பது தெரிந்தது. சாக்ஸ் கால் என்பதால் வந்த சத்தமே கேட்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை, ஸ்டாண்டில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. என் பக்கம் புரோகிராம். அவர் பக்கம் கதை.

"இது என்னது தாயி?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஸ்டெபிலைசர், பிளாப்பி, மெட்ராஸ், எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லியிருப்பேன். அவர் இரண்டுதடவை "என்னது?" என்று கேட்டார். சொல்லி முடித்துவிட்டு, எழுந்து வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"முதலாளி வர ஏழு நாள் இருக்கு. அதுக்குள்ள அடிச்சிருவியா?"

"அடிச்சிருவேன் சார்."

"அப்ப அடி." கிளம்பியவர் கதவருகில் நின்றார். "ஆமா, இந்தப் பிள்ளை எதுக்குக் கயத்தாறுல பஸ் ஏறிப் போறா?"

கத்தையைக் கவிழ்த்து எழுதியதால் புரோகிராமின் முதல் தாளில் கதையின் கடைசிப் பக்கம் இருந்தது. அவர் படித்தது முடிவை.

"அது இதுக்கு முந்தின பக்கத்துல இருக்கு சார். அடுத்தாப்புல அடிக்கப்போற தாளு."

"எப்ப அடிப்ப?"

"மத்தியானம் சார்."

மத்தியானம் வந்தார். சாயங்காலமும் வந்தார். மறுநாள் மூன்றுதடவை. எதிரே நின்று கையைக் கட்டிக்கொண்டு படிப்பார். "அம்மாக்காரி சண்டை போட்டுருக்காளாக்கும்" என்பார். "இவன் யாரு புதுசா? ஓ, பின்னால வரல, முன்னால வந்தவனா?" என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கொள்வார். ஒருநாள் நான் கை வலிக்கிறது என்று விரல்களை உதறியபோது, "அதுக்கு என்ன, மெதுவா அடி. ஆனா இன்னைக்கு இந்தத் தாளை முடிச்சிரு" என்றார். என் கதையை இவ்வளவு அவசரமாக ஒருவர் படித்து நான் பார்த்ததேயில்லை. பின்பக்கமாகப் படித்தார் என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் நாள் பதினான்காவது தாளை முடித்தேன். டீ வட்டம் பட்டு மை கலைந்த ஒரு எண், மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்று போட்டுப் பார்த்தேன், பட்டியல் தாறுமாறாக வந்தது. எட்டு போட்டேன். பிரிண்டர் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. கிட்டங்கிக்காரர் தாளைக் கிழித்து வாங்கி, வாசலிலேயே நின்று மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார். "சரியாயிருக்கு" என்றார். எனக்கு முதுகெலும்பில் எதையோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

முதலாளி சொன்ன நாளில் வந்தார். லிஸ்ட் வந்ததை ஐந்து நிமிஷம் பார்த்தார். "இந்தக் குளிரு ஒத்துக்கிடுதாம்மா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். மெஷின் இருக்கட்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, தோப்புக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் என்னிடம் கையை நீட்டினார். பதினான்கு தாளையும் கொடுத்தேன். தன் அறை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"இது இனிமே ஆபீஸ் காப்பி. கதை வேணும்னா வேற தாள்ல எழுதிக்கிடு."

"சரி சார்."

"இந்தத் தடவை நேரா எழுது."

அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மதினி வாசலிலேயே நின்றிருந்தார். "என்னட்டி ஆச்சு?"

"மெஷின் போகாது மதினி. எனக்கு வேலையும் போகாது."

"மாதாவே!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் கதை எங்க?"

"மேனேஜர் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாவ."

"திருப்பித் தர மாட்டாவளாமா?"

"மாட்டாவளாம்."

"அப்ப, ஒருத்தராவது வாங்கி வச்சுக்கிட்டாவன்னு சொல்லு" என்றார் மதினி.

சோறு போட்டுக் கொடுத்தார். இரண்டுதடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழும் முன்னாலேயே பாயை விரித்துத் தூங்கிவிட்டேன்.